இரண்டாம் சரணத்து அபஸ்வரம்

"அவன் வேணும்னேதான் தப்பா வாசிக்கிறான்!"

கிளாரினெட்காரர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

மூன்றே பேர் கொண்ட ஜாஸ் குழு. நூறு வருஷத்துப் பழைய பிரெஞ்சு, ஜெர்மன் பாட்டுகள்தான் பிழைப்பு. அதில் டபுள் பாஸ் என்ற ஆளுயரத் தந்தி வாத்தியம் வாசிப்பவன் கச்சேரிக்குக் கச்சேரி 'டொய்ங்' என்று ஒரு அபஸ்வரத்தை இழுத்துவிடுகிறான்.

"கை தவறியிருக்கும்ண்ணே," என்றாள் பாடகி. குழுவை நடத்துபவள் அவள்தான்.

"நான் ஊர்ல இல்லாத வாரம் ஒரு தப்பு விட்டானா?"

விடவில்லை. அதுதான் அவளுக்கும் உறுத்தியது.

"என்னை விரட்டப் பாக்கறான். இன்னொரு தடவை நடந்தா, ஒண்ணு அவன் இருக்கணும், இல்லை நான்!"

நேற்று அவளும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்தாள். பாட்டு முழுக்க அவன் பார்வை கிளாரினெட்காரரின் வாயிலேயே இருந்தது. பொறாமை பிடித்த பயல்!

அவனைக் கூப்பிட்டு, போனில் நேற்றைய பதிவைப் போட்டாள்.

'டொய்ங்.'

"என்னடா இது?"

"தப்புதான்க்கா."

"அவர் இருக்கறப்ப மட்டும் ஏன் வருது?"

கல்லுளிமங்கன், மறுபடியும் 'தப்புதான்க்கா' என்றான்.

எரிச்சலோடு சத்தத்தைக் கூட்டி மறுபடி போட்டாள். இப்போதுதான் காதில் விழுந்தது. 'டொய்ங்'குக்கு ஒரு நூல் முன்னால் கிளாரினெட்டின் மூச்சு உடைந்திருந்தது. அடுத்த பாட்டிலும் அப்படியே.

"அவருக்கு மூச்சு எட்டலைக்கா," என்றான் மெதுவாக. "உதடு நடுங்கினாலே எனக்குத் தெரிஞ்சிடும். உடனே நான் தப்பு பண்ணிடுவேன். என் தப்பாலதான் அவர் மூச்சு தடுமாறுச்சுன்னு நினைச்சுக்குவாரு. தன்னாலதான்னு தெரிஞ்சா அன்னிக்கே வாசிக்கறதை விட்டுடுவாருக்கா."

"இன்னொரு தடவை பண்ணினா உன்னை அனுப்பச் சொல்றாருடா!"

"அனுப்பிடுங்க."

அவள் போனை அணைத்து வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அரங்கம் நிறைந்திருந்தது. இரண்டாம் சரணத்தில் கிளாரினெட்காரரின் உதடு நடுங்கியது. பாஸ்காரனின் விரல் தப்பான இடத்துக்கு நகர்ந்தது.

அதற்குள் பாடகி வரியை மறந்து, தாளத்தையும் விட்டு, 'லா லா' என்று உளறினாள்.

பாட்டு முடிந்ததும் கிளாரினெட்காரர் அவள் காதருகே குனிந்து சீறினார்.

"போச்சு! உன்னையும் கெடுத்துட்டானா அவன்?"