நோம்புக்காரன் வாளி

"டங்!"

வாளி மூடி வேரில் மோதிய சத்தம். மீரான் பால் வெட்டும் மர நிரையிலிருந்துதான் வந்தது.

தங்கராஜு கங்காணி பிரம்போடு ஓடினார். கித்தா என்னும் ரப்பர் மரத்தடியில் மீரான் மயங்கிக் கிடந்தான். நோன்பு பதினெட்டாம் நாள். அவனுடைய பால் வாளியைத் திறந்து குனிந்து நின்றவன், பக்கத்து நிரைக்காரன் ஐயாசாமி.

"அடப் பாவி! நோம்புக்காரன் பாலையா திருடுற?"

பிரம்பு முதுகில் விழுந்தது.

கித்தா விலை விழுந்து, பெக்கோக் பக்கத் தோட்டங்களில் ஆள் குறைத்துக்கொண்டிருந்த வருஷம் அது. "நோம்பு பிடிக்கிறது உன் இஷ்டம். ஒரு நாள் பால் கொறஞ்சாலும் பேரை வெட்டி ஊருக்குக் கப்பல் ஏத்திருவேன்" என்று கங்காணியே மீரானிடம் சொல்லியிருந்தார். அவன் பெண்சாதிக்கு எட்டாம் மாதம்.

மீரான் கண் விழித்தான். "கங்காணி, மாமா வந்து..."

"நீ சும்மா கெட மாப்ளே," என்றான் ஐயாசாமி. "ஆமாங்க. திருடத்தான் வந்தேன்."

"மாமா, மாப்ளேன்னு முறை கொண்டாடிக்கிட்டே கழுத்தை அறுக்கிறியாடா?"

பால் நிறுக்கும் கொட்டகையில் அத்தனை பேர் முன்னாலும் கங்காணி குரலை உயர்த்தினார். "மாரியாத்தா ஆளு, அல்லா ஆளுன்னு எங்கிட்ட பேதம் கிடையாது. திருடன் பேரைத்தான் வெட்டுவேன்!"

"கங்காணின்னா இவருதான் கங்காணி," என்றது கூட்டம்.

"தீச்சட்டி எடுக்கிற கையா இது? த்தூ!" கருப்பாயி காறித் துப்பினாள்.

தோட்டக் கணக்கெழுதும் கிராணி வைத்தியலிங்கம் மீரானின் வாளியை நிறுத்தார். நிறை சரி. ஐயாசாமியின் வாளி ஒற்றைக் கையிலேயே மேலே வந்துவிட்டது. உள்ளே பார்த்தவர் குரலைத் தாழ்த்தினார்.

"கங்காணி, கள்ளன்ர வாளி காலியாக் கிடக்கு. மற்றவன்ரது வழியுது. இவன் எடுக்கயில்லை. ஊத்தியிருக்கிறான்."

கங்காணியும் எட்டிப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார்.

"சொன்னது சொன்னதுதான் கிராணியாரே. ஐயாசாமி பேரை வெட்டுங்க."

மீரான் வாயைத் திறந்தான். எதிரே கூலிக்காரர் குடியிருக்கும் லயத்து வாசலில் வயிற்றைப் பிடித்தபடி அவன் பெண்சாதி நிற்பது தெரிந்தது.

மூடிக்கொண்டான்.

தன் வாளியை மட்டும் எடுத்துக்கொண்டு, வழக்கம்போல் கழுவப் போனான்.