பஞ்சு சபை

“தலையை விடுய்யா. மூக்குக்கண்ணாடி விக்கிறவனுக்கு என் தலையில என்ன வேலை?”

டைல்ஸ் கடை முதலாளி தன் கடைத் தரையில் மல்லாந்து கிடந்தார். சரிந்து விழுந்த டைல்ஸ் பெட்டிகள் அவர் பின்மண்டையைப் பதம்பார்த்துவிட்டு இடது காலையும் நசுக்கியிருந்தன. அவர் வாய்க்கு மட்டும் ஒரு கீறல்கூட இல்லை.

எதிரிலிருந்த புராட்டஸ்டண்ட் சர்ச் மண்டபத்தில் பயிற்சி செய்துகொண்டிருந்த முதலுதவிச் சங்கத்தார்தான் ஓடிவந்திருந்தார்கள். வெள்ளமோ தீயோ, எங்கே ஆபத்து என்றாலும் கட்டுத்துணியும் போர்வையுமாகக் கிளம்பிவிடும் கூட்டம். சம்பளம் கிடையாது. முதலாளி அவர்களுக்கு வைத்திருந்த பெயர் பஞ்சு சபை. “ரப்பர் பொம்மைக்கு நெஞ்சை அமுக்கி உயிர் கொடுக்கிற ஆளுங்க” என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். போன வருஷம் தன் மனைவியே அதில் சேர்ந்துவிட்டதை மட்டும் வெளியே சொல்வதில்லை.

இரண்டு பேர் பெட்டிகளை ஒவ்வொன்றாக நகர்த்தினார்கள். சங்கத் தலைவரான கண்ணாடிக் கடைக்காரர், முதலாளியின் தலையை அசையாமல் இரு கையாலும் பிடித்திருந்தார். முதலுதவிப் பையோடு மூச்சிரைக்க வந்த முதலாளியின் மனைவி காதில் ஏதோ முணுமுணுத்தார்.

“என்னய்யா ரகசியம்? ஜெபம் பண்ணப் போறீங்களா? நான் இன்னும் சாகலை.”

“ஆம்புலன்ஸ் வந்துட்டு இருக்குண்ணே. அசையாதீங்க.”

வெளியே வீறாப்பு பேசினாலும் முதலாளிக்கு உள்ளூரப் பயம்தான். காது இரைந்தது. கண் சொருகியது. கொஞ்சம் தூங்கினால் தேவலை என்றிருந்தது.

“ஏங்க, ரொம்ப நாளா ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன்,” என்றாள் மனைவி. “விக்காத டைல்ஸை எல்லாம் நம்ம சமையல்கட்டுல ஒட்டினீங்களே. ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் பூ, நடுவுல மீன். பாக்கவே சகிக்கலை.”

சொருகிய கண் திறந்தது. கல்யாணமான நாளிலிருந்து எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள். திரும்பி முறைக்கப் பார்த்தார். கண்ணாடிக்காரர் தலையை விடவில்லை.

“அது வெளிநாட்டு மாடல். உனக்கு என்ன தெரியும்?”

“அப்புறம் ஏன் ஒருத்தரும் வாங்கலை?”

“எவனுக்கும் ரசனை இல்லை.”

கொஞ்ச நேரம் பொருமினார். மறுபடி இமை கனத்தது.

“உங்க ஜோக்குக்கு வர்றவங்க ஏன் சிரிக்கிறாங்க தெரியுமா? விலையைக் குறைப்பீங்கன்னுதான்.”

“ஏய்.”

“குளிக்கிறப்ப பாடுறீங்களே, பக்கத்து வீட்டுல ஜன்னலையே சாத்திடுறாங்க.”

“விழுந்து கிடக்கிறவனை ஏறி மிதிக்கிறதுதான் உங்க பஞ்சு சபையில சொல்லித் தர்ற முதலுதவியா?”

வலியைவிட இந்த அவமானம்தான் அவருக்குத் தாங்கவில்லை. கூட்டம் பூராவும் கேட்டுக்கொண்டிருக்கிறதே. ஆம்புலன்ஸில் ஏற்றியபோதும், ஆஸ்பத்திரி வாசலில் இறக்கியபோதும் அவளும் விடவில்லை, அவரும் விடவில்லை.

மறுநாள் தலையில் கட்டும் காலில் மாவுக்கட்டுமாகக் கட்டிலில் கிடந்தார். பக்கத்தில் மனைவி வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது அவள் முகம் வீங்கியிருந்தது.

“நேத்து அந்த வாய் பேசினியே. இப்ப என்ன வந்துச்சு?”

“நினைவு தப்பிடக் கூடாது, எதையாவது சொல்லிக் கோபப்படுத்திப் பேச வெச்சுக்கிட்டே இருங்கன்னு தலைவர்தாங்க காதுல சொன்னாரு.”

முதலாளி அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

“அப்ப அந்தச் சமையல்கட்டு டைல்ஸ் நல்லாத்தானே இருக்கு?”

“கோபப்படுத்தத்தாங்க சொன்னாரு,” என்றாள் அவள். “பொய் சொல்லச் சொல்லலை.”