ஞாயிற்றுக்கிழமைப் படையல்

சம்பந்தம் பேசி முடிப்பதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு தடவை சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்க்க வேண்டும் என்பது சிவகிரி ரத்தினத்தின் கொள்கை. சொல்லிவிட்டுப் போனால் தரையைத் துடைத்து, சண்டையை ஒளித்து வைத்துவிடுவார்களாம்.

மகள் அபிக்கு வந்திருக்கும் வரன் தென்காசி. பையன் முத்துச்செல்வம் போலீஸ். ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்தில் ஒரு குளியலைப் போட்டுவிட்டு, மதியம் நேராகப் பையன் வீட்டுக்குப் போனார் ரத்தினம். சாரலில் ஊரே இருட்டிக் கிடந்தது. கரண்டும் இல்லை.

கதவு திறந்திருந்தது. உள்ளே காலை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

சுவரில் மாலை போட்ட ஒரு பெரிய படம். கொழுகொழுவென்று மீசைக்கார மனிதர். கீழே விளக்கு எரிந்தது. விளக்குக்கு முன்னால் வாழை இலையில் ஆறு புரோட்டா, கோழிச் சால்னா, ஒரு குத்து அல்வா.

"வாங்க அண்ணாச்சி. அபி அப்பாதான? அவன் அஞ்சருவியில பந்தோபஸ்துக்குப் போயிருக்கான். உக்காருங்க" என்றாள் பையனின் அம்மா குருவம்மாள்.

"தங்கச்சி, இந்தப் படத்துல இருக்கது..."

"எங்க வீட்டுக்காரரு. இசக்கிதுரை."

தரகன் மேல் ரத்தினத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'அப்பா குத்துக்கல்லாட்டம் இருக்காரு' என்றல்லவா சொன்னான்!

"எப்ப தவறுனாரு?"

"போன ஐப்பசியில."

"என்ன செஞ்சுது?"

"சாப்பாடுதான் அண்ணாச்சி. ஒரு நேரத்துக்கு ஆறு புரோட்டா. சொன்னா கேக்க மாட்டாரு."

ஊரில் மழை பெய்ததைச் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டே ஊதுபத்தியைக் கொளுத்தினாள். அந்த வெளிச்சத்தில்தான் ரத்தினம் கவனித்தார். நெற்றியில் வட்டமாகக் குங்குமம். தலை நிறையப் பிச்சிப்பூ. கழுத்தில் தாலி.

குருவம்மாள் அந்தப் பெரிய இலைக்கு எதிரில் சின்னதாக இன்னொரு இலையைப் போட்டாள். அதில் ஒரே ஒரு புரோட்டா, விரல்நுனி அளவு அல்வா.

"ஏங்க, எலை போட்டாச்சு. வாங்க" என்று கூப்பிட்டாள்.

ரத்தினம் சுற்றுமுற்றும் பார்த்தார். செத்துப்போன புருஷனையா கூப்பிடுகிறாள்? பாவம், துக்கத்தில் மூளை பிசகிவிட்டது. இந்த வீட்டுக்கா மகளை அனுப்புவது?

பின்கட்டில் ஒரு இருமல் சத்தம் கேட்டது. பிறகு தாழ்ப்பாள் விலகும் ஓசை.

ஈரத்தலையோடு ஓர் ஆள் இருட்டிலிருந்து நடந்து வந்தார். அதே முகம். அதே மீசை. படத்தில் இருந்த சதைதான் உடம்பில் இல்லை. ரத்தினத்தைப் பார்க்காமலே சின்ன இலைக்கு முன்னால் உட்கார்ந்து, பெரிய இலையையே வெறித்தார்.

"இன்னைக்கு அவனுக்கு அல்வா கொறச்சலா இருக்கே?"

"அவருக்கு அது போதும். நீங்க சாப்பிடுங்க" என்றாள் குருவம்மாள்.

ரத்தினம் எழுந்தார். "நான்... இன்னொரு நாளைக்கி வாரேன்" என்று வாசலைப் பார்த்துத் திரும்பினார். ஒரு கை அவர் மணிக்கட்டைப் பிடித்தது.

"ஐயோ!"

"அண்ணாச்சி! நீங்க வந்தத இருட்டுல கவனிக்கல. பயப்படாதீங்க, தொட்டுப் பாருங்க. கை சுடுதா இல்லையா?"

சுட்டது.

"நான்தான் இசக்கிதுரை. செத்தது அவன்." படத்தைக் காட்டினார். "போன ஐப்பசியில நெஞ்ச அடைச்சு, ஆஸ்பத்திரிக்காரங்க எப்படியோ இழுத்துக் கொண்டாந்தாங்க. டாக்டர் எதையும் தின்னக் கூடாதுன்னு சொல்லல அண்ணாச்சி. எல்லாத்தையும் கொஞ்சமா தின்னுன்னாரு. ஆனா நமக்கு கொஞ்சம்னா என்னன்னே தெரியாதுல்லா? ஒண்ணு வச்சா கை தானா ஆறுக்குப் போவுது."

"அதுக்கு?"

"இவ என் படத்த மாட்டி மாலையப் போட்டுட்டா. ஆறு தின்னவரு போய்ச் சேந்துட்டாரு, இது அவரு எலை. நீங்க ஒண்ணத் தின்னுட்டு எந்திரிங்கன்னுட்டா. படையல்ல போயி எவனாவது கை வைப்பானா? மொத நாளு மாலை போடும்போது அழுதா பாத்துக்கிடுங்க, அவ்வளவு அழுக. இப்ப யாரு கேட்டாலும் அவரு போயிட்டாருன்னுதான் சொல்லுவா. அப்படிச் சொன்னாத்தான் எனக்கும் உறைக்குது."

ஒரு துண்டைச் சால்னாவில் நனைத்து, கண்ணை மூடி மெதுவாக மென்றார்.

"ஒண்ணே ஒண்ணுன்னு ஆனப்புறம்தான் அண்ணாச்சி, புரோட்டாவோட ருசியே தெரியுது."

ரத்தினத்துக்குப் போன உயிர் திரும்பியது. கூடவே அருவியில் குளித்த பசியும் வந்தது. வாய்விட்டுச் சிரித்தார்.

"நல்ல ஆளுங்கய்யா! இந்த வீட்டுக்கு என் மகளக் கண்ண மூடிக்கிட்டு அனுப்பலாம். எனக்கும் சுகரு, பிரஷரு எல்லாம் இருக்கு. ஆனா நான் இப்படிப் பயப்படுத ஆளு இல்ல. கூட ஒரு மாத்திரையப் போட்டுக்கிட்டு வெளுத்துக் கட்டிருவேன். தங்கச்சி, எனக்கு ஒரு அஞ்சு வைங்க. அபி கல்யாணப் பந்தியில நீங்க என்னையப் பாக்கணுமே!"

குருவம்மாள் அடுப்படிக்குப் போய் ஐந்து புரோட்டாவோடு வந்தாள்.

ரத்தினத்தின் இலையில் ஒன்றை வைத்தாள்.

மாலை போட்ட படத்துக்கு முன்னால் புதிதாக ஓர் இலையை விரித்து, மீதி நாலையும் அதில் வைத்துச் சுற்றிலும் தண்ணீர் தெளித்தாள். அப்புறம் திரும்பி, பணிவாகக் கேட்டாள்.

"அண்ணாச்சி, உங்க போட்டோ ஒண்ணு இருந்தா குடுத்துட்டுப் போறீங்களா?"