சுடுமணலில் விதைக்கொட்டை

பூச்சியை ஒழிக்கிறேன் பேர்வழி என்று, கலையரசி விதைக்காகத் தன் கடையில் நம்பிப் போட்டுவைத்திருந்த ஒரு மூட்டை மல்லாட்டை முழுவதையும், அத்தனை வேர்க்கடலையையும், சுடுமணலில் புரட்டி எடுத்துவிட்டு, சங்கராபுரம் கடைவாசல் வெயிலில் சல்லடையும் கையுமாக நிற்கிறார் சுபைர் பாய். வறுத்து விற்கிற கொட்டைக்குச் செய்கிற வைத்தியத்தை விதைக்கும் செய்தால் புண்ணியம் என்று நினைத்த மேதாவி. சல்லடைக்கு அடியில் மணலோடு வெள்ளை வெள்ளையாகப் புழுக்கள் உதிர்கின்றன. பாதி சுருண்டு பொரிந்திருக்கின்றன, மீதி இன்னும் நெளிகின்றன. புழு கருகிய வாடை அவர் தாடியிலேயே குடியேறிவிட்டது. ஒன்று டீ கிளாசில் மிதக்கிறது. பாதி டீயை அவர் ஏற்கெனவே குடித்தாயிற்று. வாயைத் துடைத்துக்கொண்டு, மூட்டையைக் கேட்டு வந்து நிற்பவளிடம், "பூச்சியெல்லாம் காலி, கலையரசி. மொளைக்கும்ல?" என்கிறார். "நல்லா வாசமா கீது பாய்." "அத்த கேக்கல. மொளைக்குமா?" "நீங்க இன்னா, வேணும்னா செஞ்சீங்க?" அவர் சல்லடையைக் கீழே வைக்கிறார். "மொளைக்குமா, மொளைக்காதா?" அவள் ஒரு கொட்டையை உடைக்கிறாள். பருப்பின் நுனியில் முளை கருகிக் கிடக்கிறது. "மொளைக்காது பாய். வெதைக்க எங்கிட்ட வேற கொட்ட இல்ல."