மச்சினன் கொண்டுவந்த சேதி

வாசல் காவலர் மச்சினனைச் சோதிக்கவேயில்லை. "நீங்க வீட்டு ஆளு சார், உங்களப் போய்த் தடவிப் பாக்கறதா?" என்று சிரித்தபடி கதவைத் திறந்துவிட்டார். மச்சினனின் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

கூடத்தில் அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். "வாடா! உன் பொண்ணு பொறந்தநாளுக்கு இவர் வரலைன்னு இன்னும் கோவமா? அங்க யாரோ ஒரு வக்கீல் வர்றாருன்னு கேள்விப்பட்டதும் வரவே மாட்டேன்னுட்டாரு. கேஸ் நடக்கறப்ப வக்கீலப் பாத்தாலே இவருக்கு ஏதோ தொத்திக்குமாம்!"

மச்சினன் சிரிக்கப் பார்த்தான். முகம் ஒத்துழைக்கவில்லை. "அத்தான் இருக்காரா?"

அத்தான் உள்ளறையில் இருந்தார். தேர்தலைக் காலவரையின்றித் தள்ளிவைத்த அரசு உத்தரவு செல்லுமா என்று மறுநாள் காலை தீர்ப்புச் சொல்லப்போகிற நீதிபதி அவர்தான். செல்லாது என்றுதான் சொல்வார் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது.

"என்ன மச்சான், பேயறைஞ்ச மாதிரி நிக்கற?"

மச்சினன் கதவைச் சாத்தினான். "அத்தான், மத்தியானம் என் கடைக்கு ஒருத்தன் வந்தான். ஆளுங்கட்சிக்காரன், தங்கப்பல் கட்டியிருக்கான். என் பொண்ணு எந்த பஸ்ல காலேஜ் போறா, எங்க இறங்கறா, யார்கூட நடக்கறா, எல்லாம் சொல்றான். தீர்ப்ப அவங்க பக்கம் எழுதணுமாம். 'நேர்ல போய்ச் சொல்லுங்க, எங்க கட்சிதான் அனுப்பிச்சுதுன்னு மறக்காம சொல்லுங்க'ன்னான். போகும்போது திரும்பி வந்து இன்னொரு தடவையும் சொல்லிட்டுப் போனான்."

நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"நீ வந்திருக்கக் கூடாது."

"தெரியும் அத்தான். ஆனா அவ என் பொண்ணு. நீங்க தோள்ல தூக்கி வளத்த பொண்ணு."

"அதனாலதான் சொல்றேன். இனிமே நான் எழுதற எந்த வரியும் சுத்தமா இருக்காது. எதிரா எழுதினா கோவத்துல எழுதினேன்னு ஆகும். சாதகமா எழுதினா பயத்துல எழுதினேன்னு ஆகும். எதுன்னு எனக்கே தெரியாது." கண்ணாடியை மேசைமேல் வைத்தார். "நாளைக்குக் கோர்ட்ல எல்லாரும் கேக்க நடந்ததச் சொல்லிட்டு, இந்தக் கேஸ்லேருந்து விலகிடறேன்."

"ஐயோ, வேணாம் அத்தான்!" மச்சினன் அவர் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். "வெளிய சொன்னா அவள உசிரோட விடமாட்டானுங்க!"

"போய் அவள இங்க கூட்டிட்டு வா. வாசல்ல போலீஸ் இருக்கு, உங்க அக்காவோட இருக்கட்டும்."

மறுநாள் நீதிமன்றத்தில் நிற்க இடமில்லை. மச்சினன் தூணோடு தூணாக ஒண்டிக்கொண்டான். நீதிபதி எதையும் மறைக்கவில்லை. சேதி கொண்டுவந்தவன் தன் மனைவியின் தம்பி என்பதையும் சொன்னார்.

"ஒரு தரப்பு என் வீட்டுக்குள் நுழைந்துவிட்டது. இனி இந்த நாற்காலியில் நான் இருப்பது முறையல்ல. வழக்கை வேறொரு நீதிபதி முதலிலிருந்து விசாரிக்கட்டும்."

அரசு வக்கீல் எழுந்து, அப்படி யாரையும் தாங்கள் அனுப்பவேயில்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எதிர்த்தரப்பு வக்கீல், "அதுவரை தேர்தலைத் தள்ளிவைத்த அந்த உத்தரவு?" என்று கேட்டார். "புதிய நீதிபதி தீர்ப்புச் சொல்லும்வரை அமலில் இருக்கும்," என்றார் நீதிபதி. அவர் எழுந்தபோது மன்றமே எழுந்து நின்றது. யாரோ ஒரு வயதான வக்கீல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மச்சினன் படிகளில் தடுமாறி இறங்கினான். அக்கா வீட்டுக்கு ஓடி மகளைப் பார்த்தால் போதும் என்றிருந்தது. வெளிவாசலில், ஒரு காரில் சாய்ந்தபடி தங்கப்பல் நின்றுகொண்டிருந்தான். மச்சினன் அவன் முன்னால் கைகூப்பினான்.

"சார், மன்னிச்சிடுங்க சார்! நீங்க சொன்ன மாதிரியேதான் சொன்னேன். எவ்வளவோ கெஞ்சினேன். இப்படி விலகிடுவாருன்னு சத்தியமா நினைக்கல. என் பொண்ண ஒண்ணும் பண்ணிடாதீங்க!"

தங்கப்பல் நெருங்கி வந்தான். மச்சினன் கண்களை இறுக மூடிக்கொண்டான். ஒரு கை அவன் தோளை மெல்லத் தட்டிக்கொடுத்தது.

"எதுக்கு சார் பயப்படறீங்க? அவர் விலகணும்னுதானே உங்கள அனுப்பினோம்!"