கொஞ்சம் போடுங்கோ

"இண்டைக்கு மத்தியானம் என்ர வீட்டில ஜப்பான் சாப்பாடு. எல்லாரும் வாங்கோ!"

மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்த சனத்திடம் அருளம்மா இப்படிச் சொன்னதுதான் தாமதம், கீரி ஊர் முழுக்கச் சிரிப்புப் பிடித்துக்கொண்டது.

சண்டையை நிப்பாட்டிச் சமாதானம் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. நானாட்டான் பக்கம் குளம் திருத்த வந்த ஜப்பான்காரப் பிள்ளை மிச்சிக்கோ, அருளம்மா வீட்டு முன்னறையில்தான் குடியிருந்தாள். நாளைக்கு ஊருக்குப் பயணம். அதற்குத்தான் இந்த விருந்து.

"பேரைப் பார்த்தியளோ? வாங்கோ, இருங்கோ, மிச்சிக்கோ! பேரிலேயே மரியாதை வைச்சிருக்கினம்" என்று அருளம்மா பூரித்துப்போவாள். அவளுடைய மனிசன் இன்னாசிமுத்து ஒருநாள் 'மிச்சி' என்று சுருக்கிக் கூப்பிட்டுவிட்டு வாங்கிக் கட்டியது தனிக் கதை.

மிச்சிக்கோவின் தமிழும் அப்படித்தான். "கொஞ்சம் வாங்கோ", "கொஞ்சம் தள்ளுங்கோ", "கொஞ்சம் கதவைத் திறவுங்கோ." கொஞ்சம் சேர்க்காமல் அந்தப் பிள்ளை வாய் திறக்காது.

"என்னடி அது, வெள்ளைவெளேரெண்டு?" வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுத் திரேசம்மாவின் தலை முளைத்தது.

"தோஃபு" என்றாள் தட்டோடு முற்றத்தில் நின்ற அருளம்மா.

"தோப்போ? பனந்தோப்போ, தென்னந்தோப்போ?"

"தோஃபு! சோயாவை அரைச்சு, பாலைக் காய்ச்சி, உப்பளத்துக் கசப்புத் தண்ணி விட்டுத் திரள வைச்சது. உனக்கெங்க விளங்கப்போகுது, கருகல்!"

திரேசம்மாவின் தலை சட்டென்று இறங்கிவிட்டது.

எப்போதோ ஒரு கோயில் திருநாளில் திரேசம்மா கிண்டிய பொங்கல் புக்கை அடிப்பிடித்துவிட்டது. அருளம்மா அங்கேயே பகிடியாக 'கருகல்' என்றாள். கீரியில் பட்டம் ஒட்டினால் ஒட்டினதுதான். இப்போது பள்ளிக்கூடத்தில் அவள் பெற்றதுகளுக்கும் 'கருகலின்ர பிள்ளையள்' என்றுதான் பேர்.

"இண்டைக்கு மட்டும் பிழைச்சுதோ, அவள் எனக்கொரு பட்டம் வைக்காமல் விடமாட்டாள். என்ர பேரப்பிள்ளை வரைக்கும் இழுபடும். மாதாவே, நீதான் துணை!" என்று நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு அருளம்மா குசினிக்குள் நுழைந்தாள்.

நூடில்ஸை அவித்து, மீன்வாடியில் வாங்கிய ஐஸ் போட்ட தண்ணீரில் அலசினாள்.

"சோளகக் காத்துச் சுடுற சூட்டுக்கு என்னையும் அதுக்குள்ள போட்டு அலசிவிடனப்பா" என்றான் இன்னாசிமுத்து.

"சும்மா இருங்கோ. சோலி கிடக்கு."

தோஃபுவைத் துண்டு போட்டாள். வெள்ளரிக்காய், கரட் சீவிப் போட்டாள். மிச்சிக்கோ கொடுத்த கறுப்புச் சாற்றை ஊற்றினாள். கடைசியாக ஒரு பச்சை டியூப். "இது கொஞ்சம் போடுங்கோ" என்றல்லவா பிள்ளை சொன்னது? இவ்வளவு மரியாதையாகக் கேட்டதற்குக் குறை வைக்கலாமா? அடி வரைக்கும் பிதுக்கி நன்றாகப் பிசைந்தாள்.

மத்தியானம் முற்றம் கொள்ளாத சனம். பெண்டுகள் ஒரு முன்னெச்சரிக்கைக்கு நண்டுக்கறியும் பிட்டும் இறால் பொரியலும் கையோடு கொண்டுவந்திருந்தார்கள்.

நூடில்ஸ் பேசின் வெளியே வந்தது. மிச்சிக்கோ கை தட்டித் துள்ளினாள்.

"பொறுங்கோ, நான் உப்புப் பாக்கிறன்." திரேசம்மா எல்லாரையும் இடித்துக்கொண்டு வந்து ஒரு பிடி அள்ளி வாயில் போட்டாள்.

போட்டவள் அப்படியே நின்றாள். முகம் செக்கச்செவேலென்று ஆனது. அருளம்மா சட்டென்று சிலுவை போட்டுக்கொண்டாள். போச்சு, வரப்போகுது பட்டம்!

"அருமை!" என்றாள் திரேசம்மா. குரல் கீச்சென்று வந்தது. "ஐயோ, அப்பிடியொரு ருசி!"

சொன்னதோடு விட்டாளா? பேசினையே தூக்கி மடியில் வைத்துக்கொண்டு இன்னொரு பிடி, அதற்கு மேல் இன்னொரு பிடி. கண்ணீர் ஒரு பக்கம் ஓட, மூக்கு ஒரு பக்கம் ஓட, முந்தானையால் துடைத்துத் துடைத்து விழுங்கினாள்.

"ருசியில அழுறாளடா!" முற்றமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"எனக்கும் ஒரு வாய் தா பிள்ளை" என்று கோயில் மூப்பர் அமிர்தநாயகம் கை நீட்டினார்.

"தரமாட்டன்! எல்லாம் எனக்கு!"

பேசினை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலிப் பொட்டுக்குள்ளால் புகுந்து ஓடியே போய்விட்டாள்.

"திரேசம்மாக்கு நல்ல விருப்பம்!" என்று மிச்சிக்கோவும் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு கோப்பையை நீட்டினாள். "கொஞ்சம் நண்டு தாங்கோ."

மனம் கொதித்துக்கொண்டிருந்த அருளம்மா அகப்பை அகப்பையாக அள்ளிக் கொட்டினாள்.

"ஐயோ, காணும், காணும், போதும்! கொஞ்சம்!"

அருளம்மாவுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. விருந்தாளி வாயில் ஒரு துண்டு வைக்க முன்னம் அள்ளிக்கொண்டு ஓடுவதா? எரிச்சல் பிடித்தவளைக் கேட்டுவிட்டுத்தான் மறுவேலை! வேலியைப் பிரித்துக்கொண்டு போனாள்.

அங்கே திரேசம்மா தென்னைமரத்தடியில் கிடங்கு வெட்டி, மிச்ச நூடில்ஸை அதற்குள் கொட்டிக்கொண்டிருந்தாள்.

"அடி பாவி! திண்டது போதாதெண்டு மண்ணுக்குள்ளையும் போடுறியோ?"

திரேசம்மா நிமிர்ந்தாள். பேசினில் ஒட்டியிருந்த ஒரு துண்டை எடுத்து அருளம்மாவின் வாய்க்குள் வைத்தாள்.

அந்தப் பச்சை டியூப்பின் காரம் மூக்குக்குள்ளால் ஏறி உச்சந்தலையில் போய் வெடித்தது. அருளம்மா மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"மாதாவே! அப்ப அந்தப் பிள்ளை சொன்னது... மரியாதைக் கொஞ்சம் இல்லையோ? மெய்யாவே கொஞ்சமோ?"

திரேசம்மா செம்புத் தண்ணீரை நீட்டினாள். இரண்டு பேரும் மூக்கைச் சிந்தினார்கள். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

"எடியே, ஏன் சொல்லேல்ல? ஊரே சிரிச்சிருக்கும். நீ எனக்கொரு பட்டம் வைச்சிருக்கலாமே?"

திரேசம்மா கிடங்கைக் காலால் மூடி மிதித்தாள்.

"ஊருக்கு ஒரு கருகல் காணுமடி."