ஒத்தடப் பை

காவலாளியின் கை சாப்பாட்டுப் பைக்குள் போனபோது, கிரேன் ஓட்டுகிறவளுக்கு மூச்சே நின்றுவிட்டது.

வேலை முடிந்து போகிறவர்களின் வரிசை அவளுக்குப் பின்னால் வளைந்து நின்றது. செம்புக் கம்பிச் சுருள் ஒன்று காணாமல் போனதிலிருந்து, பையைப் பார்க்காமல் யாரையும் வெளியே விடுவதில்லை. இன்று சூப்பர்வைசரே வாசலில் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தார்.

டிபன் பாக்ஸ் வெளியே வந்தது. தண்ணீர் பாட்டில் வந்தது. அதற்கடியில், கறுப்புப் பிளாஸ்டிக் உறைக்குள் முடிச்சுப் போட்டு வைத்திருந்த அதுவும் வந்தது.

காவலாளி அமுக்கிப் பார்த்தார். கொழகொழவென்று உள்ளே அமுங்கி மறுபடி எழும்பியது.

"என்னம்மா இது?"

அவ்வளவு உயரத்தில் இருக்கும் கிரேன் கூண்டில் கழிப்பறை ஏது? ஏணியில் இறங்கி ஏறுவதற்குள் கீழே மொத்த வேலையும் நின்றுவிடும். ஆண்கள் ஒரு பாட்டிலை வைத்துச் சமாளித்துக்கொள்வார்கள். அவளை வேலைக்கு எடுத்த அன்றே சூப்பர்வைசர் சொல்லியிருந்தார், பொம்பளை என்றால் பத்து தரம் இறங்கணும்பாள், அது இங்கே சரிப்படாது என்று. இறங்கவே மாட்டேன் சார் என்று வாயைக் கொடுத்துவிட்டாள்.

முதலில் தண்ணீர் குடிக்காமல் இருந்து பார்த்தாள். தலை சுற்றியது. கீழே ஆட்கள் நிற்க, கிறுகிறுத்த தலையோடு இரும்பைத் தூக்குவது விளையாட்டில்லை.

அப்புறம்தான் பயணம் போகிறவர்களுக்கென்று விற்கிற அந்தப் பைகளைக் கண்டுபிடித்தாள். அடியில் ஒரு பிடி வெள்ளைப் பவுடர் கிடக்கும். சிறுநீர் பட்டதும் பவுடர் ஊதிப் பெருத்து அத்தனையையும் குடித்துக் கட்டியாகிவிடும். கவிழ்த்தாலும் சிந்தாது. முடிச்சுப் போட்டு எடுத்துப் போய், வழியில் யார் கண்ணிலும் படாமல் குப்பையில் எறியலாம்.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் நாத்தனாரிடம் கேட்க வெட்கப்பட்டு, பேருந்து ஏறிப் போய் வேறொரு கடையில் வாங்குவாள். கணவனுக்குக்கூடத் தெரியாது.

"ஒத்தடப் பை," என்றாள். அது அவள் குரல் மாதிரியே இல்லை. "முதுகுவலிக்கு."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். சூப்பர்வைசர் ஓரடி முன்னால் வந்தார்.

"எங்க, இப்படிக் குடு பார்ப்போம்."

காவலாளி கொடுக்கவில்லை. அதைத் தன் முழங்காலில் வைத்து ஒரு அழுத்து அழுத்தினார். பிறகு எடுத்துப் பிடரியில் வைத்துக் கண்ணை மூடினார்.

"அடடா, இன்னும் சூடு ஆறல சார். நம்ம வயசுக்கு இதெல்லாம் ஒண்ணு வாங்கி வச்சுக்கணும்."

நம்ம வயசு என்றதும் சூப்பர்வைசர் முகம் கடுத்தது. விறைப்பாகத் திரும்பி அடுத்தவன் பையைப் பார்க்கப் போய்விட்டார்.

அவள் எல்லாவற்றையும் வாரிப் பையில் திணித்துக்கொண்டு ஓடாத குறையாக வெளியே வந்தாள்.

பேருந்து நிறுத்தத்தில் வந்து நின்றாள். வேலை தப்பித்தது, மானம் தப்பித்தது. ஆனால் அப்பா வயதுள்ள மனிதர். அவர் பிடரியில். அந்தக் கையாலேயே இப்போது ஏதாவது எடுத்துத் தின்றுகொண்டிருப்பார். ஒரு வார்த்தை, வேண்டாம் என்று ஒரே ஒரு வார்த்தை அவளால் சொல்ல முடியவில்லை.

பேருந்து வந்தது. அவள் ஏறவில்லை.

திரும்பி வந்தபோது வரிசை கலைந்திருந்தது. காவலாளி மட்டும் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கையக் கழுவிடுங்க. கழுத்தையும். அது ஒத்தடப் பை இல்லைங்க."

"அப்பவே கழுவிட்டேம்மா. சோப்பு போட்டே கழுவிட்டேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"வீட்ல படுக்கையில கிடக்கிற பொஞ்சாதிக்கு நான்தான் டயபர் மாத்துறேன். அதுக்குள்ளயும் இதே பவுடர்தானே. அமுக்கினதுமே தெரிஞ்சிருச்சு."

காது மடல்வரை சுட்டது அவளுக்கு. இவ்வளவும் தெரிந்துதான் முழங்காலில் வைத்திருக்கிறார். தெரிந்துதான் கண்ணை மூடியிருக்கிறார். கும்பிடுவதா, ஓடிவிடுவதா என்று தெரியாமல் நின்றாள்.

ஆனால் இப்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்.

"ஏம்மா, அந்தப் பை ஆம்பளைங்களுக்கும் ஆகுமா?"

"ஆகும் ஐயா. யாருக்கு?"

"இந்தக் கேட்டை விட்டு அசையக் கூடாதுங்கிறாங்க. ஒண்ணுக்குப் போய்ட்டு வர மாத்தாள் கேட்டா, முடியலைன்னா வீட்ல இருய்யாங்கிறாங்க. இன்னைக்கு மத்தியானம்..."



அவருக்குப் பின்னால், சுவரோரமாக, அவர் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலி கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. சிமெண்டுத் தரையில் ஈரம் இன்னும் காயவில்லை.